மண்டபம் வருமானத்தில் சேராது

முழங்கால் தேறிவிட்டது, இன்னும் ஒரு பருவம் ஆடலாம் என்று மருத்துவர் சொன்னதையும், அதைக் கேட்டுச் சந்திரகாந்தி சாமி அறையில் இன்னொரு விளக்கை ஏற்றியதையும் போன வாரம் பார்த்தோம். இன்று கேதார கௌரி விரதத்தின் கடைசி நாள். காப்புக் கட்டும் நாள்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. அனுஜன் காரை மெதுவாக ஓட்டினான். பக்கத்தில் அம்மா சந்திரகாந்தி மடியில் அதிரசத் தட்டோடு இருந்தாள். தட்டைச் சுற்றி மூன்று துணி. ஒரு துளி மழை பட்டாலும் அம்பாள் கோபிப்பாள் என்பதுபோல அதை அணைத்துப் பிடித்திருந்தாள்.

“பிறேக்கை மெள்ள அமத்து ராசா. அதிரசம் உடைஞ்சா உன்ரை அக்கா என்னைத் தின்னுவாள். விரதத்திலை இருக்கிறவளுக்குக் கோவம் கெதியா வரும்.”

“அக்காவுக்கு விரதம் இல்லாட்டிலும் வரும்.”

“அப்பிடிச் சொல்லாதை. இந்த முறை அவள் உனக்காண்டித்தான் பிடிச்சவள். தம்பியின்ரை முழங்கால் சுகமாகோணும் எண்டு. எனக்குக் கூடச் சொல்லேல்லை. ஐயருக்குச் சொன்னதைத்தான் நான் கேட்டனான்.”

அந்த வார்த்தை அனுஜனின் நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது.

“இண்டைக்கு என்னவோ வோட்டிங் எண்டனீ?”

“பின்னேரம் அம்மா. அந்த மூடி தான்.”

“ஓ, மூடி!” அம்மா சிரித்தாள். “என்ரை புட்டுப் பானையை வைச்சு அக்கா விளங்கப்படுத்தினாளே, அதுவோ?”

அதுவேதான். அனுஜன் பக்கத்து நகரத்து நீலநரிகள் என்ற ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் தடுப்பாட்டக்காரன். அணியில் வீரர்கள் சார்பாகப் பேசுகிறவனும் அவன்தான். அக்கா சுபானி சட்டம் படித்தவள். அந்த லீக்கின் தலைமை அலுவலகத்தில் வேலை. லீக் இப்போது ஒரு சம்பள உச்சவரம்பு கொண்டுவர நினைத்தது. ஒரு கழகம் தன் வீரர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை. அந்த எல்லை லீக்கின் மொத்த வருமானத்தில் இவ்வளவு பங்கு என்று கட்டப்பட்டிருக்கும். ஜெர்மன் வீரர்கள் அதை மூடி என்றே சொன்னார்கள். ஒவ்வோர் அணியின் வீரர்களும் வாக்களித்துச் சம்மதித்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபானி அம்மாவின் பானையை அடுப்பிலிருந்து தூக்கி மேசையில் வைத்தாள். “இந்தப் பானை தான் லீக்கின்ரை வருமானம். மூடி உங்கடை சம்பளம். பானை பெருத்தால் மூடியும் பெருக்கும். சிறுத்தால் சிறுக்கும். முதலாளிமாரும் நீங்களும் ஒரே அடுப்பிலை.”

“பானைக்குள்ளை என்னென்ன போகும்?” என்று அனுஜன் கேட்டான்.

“டிக்கெட், டிவி, விளம்பரப் பலகை, கார் நிப்பாட்டுற காசு, நீங்கள் விளையாடுற ஐஸ் மண்டபத்திலை விக்கிற பியர், சொசேஜ், எல்லாம்.”

அனுஜன் அதை அப்படியே தன் அணியிடம் போய்ச் சொன்னான். மூத்த கோல்காப்பாளன் டிமோ மட்டும் ஒரு கேள்வி கேட்டான். “இதை எழுத்தில் வாங்கினாயா?”

“அவள் என் அக்கா” என்றான் அனுஜன்.

நம் வீடுகளில் அக்காவிடம் எழுத்தில் கேட்பது என்றால், அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசுவது மாதிரி. அது அனுஜனின் தலையில் தோன்றவே இல்லை. வாக்கெடுப்புக்கு வந்த பத்திரத்தில் ‘லீக் வருமானம்’ என்ற சொல் இருந்தது; அதில் எவையெல்லாம் சேரும் என்பது பிறகு இணைக்கப்படும் என்றும் இருந்தது. மற்ற அணிகள் அதைப் பற்றிக் கேள்வி கேட்டன. நீலநரிகள் கேட்கவில்லை. அவர்களிடம் அனுஜனின் அக்கா இருந்தாள்.

கோவில் வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு அவன் ஐஸ் மண்டபத்துக்குப் போனான்.

காலைப் பயிற்சி முடிந்து உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, நடையில் கழக மேலாளர் பிரென்னர் எதிர்ப்பட்டார். கையில் பாதி தின்ற பாண். நல்ல மனிதர். அனுஜனின் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து அனுப்பியவர்.

“அனு! முழங்கால் எப்படி?”

“நன்றாக இருக்கிறது.”

“பின்னேரம் எல்லாம் சுமுகமாக முடியும்தானே?”

“முடியும். எல்லோரும் சம்மதம்.”

பிரென்னர் அவன் தோளில் தட்டினார். “உங்கள் அக்கா கெட்டிக்காரி. கோடையில் நாங்கள் எல்லோரும் பதறிக்கொண்டிருந்தோம். மண்டப வருமானத்தை வெளியே எடுத்தால் வீரர்கள் கொதிப்பார்கள் என்று. அவர்தான் ஒரு வழி எழுதித் தந்தார்.”

அனுஜன் சிரித்துக்கொண்டே இருந்தான். முகம் அப்படியே நின்றுவிட்டது.

“மண்டப வருமானத்தையா?”

“ஆமாம். மண்டபத்தை நடத்துவது இப்போது தனிக் கம்பெனி அல்லவா? முதலாளிகள் அதே ஆட்கள்தான், ஆனால் கம்பெனி வேறு. சாப்பாடு, பியர், கார் நிறுத்துமிடம், விளம்பரப் பலகை, எல்லாம் அந்தப் பக்கம். அது லீக்கின் வருமானம் இல்லை.” அவர் பாணை ஒரு கடி கடித்தார். “உங்களுக்குத் தெரியும்தானே. உங்கள் அக்கா ஜூலையிலேயே கூட்டத்தில் சொன்னார்: நீலநரிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், என் தம்பி பார்த்துக்கொள்வான் என்று.”

“அப்படியா சொன்னாள்?”

“அதே வார்த்தை. மேசையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது.”

பிரென்னர் போய்விட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அனுஜன் நடையில் நின்று, ஐஸை வழிக்கும் இயந்திரம் உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் தம்பி பார்த்துக்கொள்வான்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அவனை அடித்தால், சுபானிதான் இரண்டு வகுப்புத் தாண்டி ஓடிவருவாள். “என்ரை தம்பியைத் தொட்டுப் பார்” என்று ஜெர்மன் பிள்ளைகளிடம் தமிழிலேயே கத்துவாள். அந்த வாயிலிருந்துதான் இதுவும் வந்திருக்கிறது.

அவன் காரை எடுத்துக்கொண்டு கோவிலுக்குத் திரும்பினான்.

கோவில் தொழிற்பேட்டைப் பக்கம். இடமெல்லாம் கார்கள். டோர்ட்முண்ட், மூன்ஸ்டர், அங்கே இங்கே என்று எல்லா ஊர் இலக்கத் தகடும். செம்மஞ்சள் மேலங்கி போட்ட பரராசசிங்கம் அண்ணை மழைக்குள் நின்று கார்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அங்காலை விடுங்கோ! அம்மாவைக் கூட்டிப் போகவோ?”

“இல்லை அண்ணை. அக்காவைப் பாக்கோணும்.”

“உள்ளை சரியான சனம். பொறுங்கோ, நான் ஆரையும் விட்டுக் கூப்பிடுவிக்கிறன்.”

சற்று நேரத்தில் சுபானி வெளியே வந்தாள். விரதத்தில் முகம் மெலிந்திருந்தது. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் செருப்பில்லை. ஈரத் தரையில் விரல் நுனியில் நடந்து வந்தாள்.

“என்னடா? முழங்கால் நோகுதே?”

முதல் கேள்வியே முழங்காலைப் பற்றியதாக இருந்தது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

“மண்டபம் பானைக்குள்ளை சேருமோ, சேராதோ?”

அவள் நின்றுவிட்டாள். “ஆர் சொன்னது?”

“ஆர் சொன்னது எண்டது இல்லை கதை. நீங்கள் சொல்லேல்லை.”

அனுஜன் அக்காவை எப்போதும் நீ என்றே சொல்லுவான். அவன் நீங்கள் என்று சொன்னதைக் கேட்டதும் சுபானி கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பரராசசிங்கம் அண்ணை தூரத்திலிருந்து பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் பெரிய குடையைக் கொண்டுவந்து அனுஜனின் கையில் கொடுத்துவிட்டு, தான் மழைக்குள்ளேயே போய் நின்றார். அந்த ஒரு குடைக்குக் கீழே அக்காவும் தம்பியும் நிற்க வேண்டியதாயிற்று.

“சொல்லுங்கோ” என்றான் அனுஜன்.

“பெரிய கழகங்கள் நாலும் மண்டபத்தைச் சேத்தால் கையெழுத்து வைக்கமாட்டம் எண்டிட்டினம். அப்ப முழுத் திட்டமும் போயிடும். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு கழகம் பருவத்தின்ரை நடுவிலை கடனிலை தாண்டு போனதை நீ பாத்தனீ தானே. நத்தார் பண்டிகைக்குச் சம்பளம் இல்லாமல் எத்தினை பேர் நிண்டவை? உன்ரை டிமோவும் அதிலை ஒருத்தன். மூடி ஒண்டு வந்தால், சின்னக் கழகங்கள் பெரிய கழகங்களோடை போட்டி போட்டுத் தாண்டு போகாதுகள். அதுக்காண்டி ஒண்டை விட்டுக் குடுத்தனான்.”

“விட்டுக் குடுத்தது உங்கடை பங்கை இல்லை. எங்கடையை.”

“தெரியும்.”

“சரி. விட்டுக் குடுத்தீங்கள். எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“அது வேலையிடத்து விசயம். வெளியிலை சொல்ல ஏலாது.”

“சித்திரையிலை சொன்னனீங்கள்.”

“அப்ப அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.”

“பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து என்னோடை ஒரு மேசையிலை சாப்பிட்டீங்கள். ‘உன்ரை ஆக்கள் எல்லாரும் ஓமெண்டிட்டினமோ’ எண்டு என்னட்டைக் கேட்டீங்கள். நான் ஓம் எண்டன். நீங்கள் சந்தோசம் எண்டீங்கள். ‘இன்னும் கொஞ்சம் குழம்பு போடு அம்மா’ எண்டீங்கள்.”

சுபானி ஈரத் தரையிலிருந்து ஒரு பாதத்தை எடுத்து மற்றதன் மேல் வைத்தாள்.

“மண்டபம் சேராது எண்டு சொல்ல ஏலாட்டில் பரவாயில்லை. ‘தம்பி, நான் முந்திச் சொன்னதை நம்பாதை’ எண்டு சொல்லியிருக்கலாம். அதுக்கு ஒரு சட்டமும் தடை இல்லை. கூட்டத்திலை என்ன சொன்னனீங்கள்? என்ரை தம்பி பாத்துக்கொள்ளுவான் எண்டோ?”

“அவை பயந்துபோய் இருந்தினம். எனக்கு… அது வாயிலை வந்திட்டுது.”

“என்ரை பேர் உங்கடை வாயிலை வந்திட்டுது.”

“உன்னை ஏமாத்தோணும் எண்டு நான் நினைக்கேல்லை, தம்பி.”

“எனக்காண்டி விரதம் பிடிச்சீங்களாம். அதாவது உண்மையோ?”

“அதை மட்டும் கேக்காதை.”

அது உண்மைதான். வாசகர்களாகிய உங்களுக்கு அதை நான் மறைக்கக் கூடாது. அவள் ஒவ்வொரு நாளும் பசியோடு தம்பியின் முழங்காலை நினைத்துத்தான் கும்பிட்டாள். அதே நாட்களில் அலுவலகத்தில் தம்பியை மறந்தாள். மனித மனத்தில் அன்பும் பயமும் பக்கத்துப் பக்கத்து அறைகளில்தான் குடியிருக்கின்றன. நடுக்கதவை யாராவது தட்டும்வரை ஒன்றுக்கு மற்றது இருப்பது தெரிவதில்லை.

“பின்னேரம் அவையளுக்கு என்ன சொல்லப் போறாய்?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“தெரியேல்லை.”

“மண்டபம் சேராது எண்டு சொல்லு. நான் உன்னைத் தடுக்கேல்லை. ஆனால் எழுதினது நான் எண்டதைச் சொல்லாதை. ஒரு பக்கத்துக்கு ஒண்டும் மறுபக்கத்துக்கு ஒண்டும் சொன்ன வக்கீலை ஆர் வேலைக்கு வைச்சிருப்பினம்? பிறகு இந்தத் துறையிலை எனக்கு ஒரு கதவும் திறக்காது.”

கோவில் வாசலில் சந்திரகாந்தி வந்து நின்றாள். “ரெண்டு பேரும் மழைக்குள்ளை என்ன கதை? சுபா, ஐயர் கூப்பிடுறார். தம்பி, நீயும் வாவன்.”

“நான் போறன் அம்மா.”

“ஒரு நிமிசம் அம்பாளைக் கும்பிட்டிட்டு…”

“இண்டைக்கு ஏலாது.”

குடையைப் பரராசசிங்கம் அண்ணையிடம் கொடுத்துவிட்டு அவன் காரில் ஏறினான். கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று அறிந்துகொள்ளும் தாய் அவள். ஆனால் இந்த முறை அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பிள்ளையைப் பார்த்தாள். மற்றப் பிள்ளையைப் பார்த்தாள்.

பின்னேரம் உடைமாற்றும் அறையில் எல்லோரும் பெஞ்சுகளில் இருந்தார்கள். ஈரக் கையுறைகளின் நாற்றம். யாரோ வானொலியை நிறுத்தினார்கள். டிமோ கோல்காப்பாளனின் பெரிய கால்கவசங்களைக் கழற்றாமலேயே மூலையில் சாய்ந்திருந்தான்.

“சுருக்கமாக முடி அனு” என்று யாரோ சொன்னார்கள். “வீட்டில் இடியப்பம் ஆறிவிடும், இல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அணி முழுவதும் சந்திரகாந்தியின் கையால் இடியப்பம் தின்றவர்கள்.

அனுஜன் எழுந்தான். “கை தூக்குவதற்கு முன் நான் ஒன்று சொல்ல வேண்டும். வசந்தத்தில் நான் சொன்னது இப்போது உண்மை இல்லை. மண்டபத்தில் வருகிற எதுவும் லீக் வருமானத்தில் சேராது. பியர் சேராது. கார் நிறுத்துமிடம் சேராது. விளம்பரப் பலகை சேராது. மண்டபம் நிறைந்து வழிந்தாலும் நம் மூடி அசையாது. என் சொல்லை நம்பிக் கை தூக்காதீர்கள்.”

சிரிப்பு அடங்கியது.

“எப்போது மாற்றினார்கள்?” டிமோதான் கேட்டான்.

“ஜூலையில்.”

“உனக்கு எப்போது தெரியும்?”

“இன்று காலை. பிரென்னர் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.”

டிமோ மெதுவாக நிமிர்ந்தான். “உன் அக்காவுக்கு?”

இந்தக் கேள்விதான் வரும் என்று வரும் வழியெல்லாம் அனுஜனுக்குத் தெரியும். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்காவின் வேலை தப்பும். யாரும் அவனைச் சந்தேகிக்க மாட்டார்கள். இத்தனை காலம் அவன் சொன்ன எதையும் அவர்கள் சந்தேகித்ததில்லை.

அதனால்தான் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

“ஜூலையிலிருந்தே தெரியும். அதை எழுதியதே அவள்தான்.”

“அருமை!” என்று மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். “குடும்பமாகச் செய்கிறீர்கள். அக்கா மூடி செய்கிறார், தம்பி எங்களைப் பானைக்குள் இறக்குகிறான்.”

“வாயை மூடு” என்றான் டிமோ. அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. அதுவே அறையை இன்னும் குளிர வைத்தது. “அனு, ஆகஸ்டில் ஆஸ்திரியாவிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. மூன்று வருட ஒப்பந்தம். எனக்கு இனி யார் மூன்று வருடம் தருவார்கள்? என் மனைவி லீனாவோடு இரண்டு இரவு பேசினேன். இங்கே லீக் வளர்ந்தால் நாங்களும் வளர்வோம், அனு விசாரித்துச் சொல்லியிருக்கிறான் என்றேன். வேண்டாம் என்று பதில் எழுதினேன்.”

“நீ எனக்குச் சொல்லவே இல்லையே.”

“சொன்னால் உனக்குப் பாரமாக இருக்கும். உனக்கு முழங்கால் வேறு.”

அனுஜன் தரையைப் பார்த்தான். தன் அக்கா தனக்குச் செய்ததை, தான் அறியாமலே இந்த மனிதனுக்குச் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஒருவரும் எழுந்து அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். திரையில் ‘அக்கா’ என்று தமிழில். அறையில் அவன் ஒருவனால்தான் அதை வாசிக்க முடியும். ஆனால் அவன் முகத்தை எல்லோராலும் வாசிக்க முடிந்தது.

“அவரா?” என்றான் டிமோ.

“ஆம்.”

“எடு.”

“இப்போதா?”

“கூப்பிடுகிறவர் உன் அக்கா. எடு.”

இன்று எல்லோரையும்விட அதிகமாக இழந்தவன் டிமோ. அவன் அதைச் சொன்னதால்தான் அனுஜன் எடுத்தான்.

“தம்பி.” சுபானியின் குரலுக்குப் பின்னால் கோவில் மணி. “உன்ரை ஆக்கள் எல்லாரும் அங்கை இருக்கினமோ?”

“இருக்கினம்.”

“சொல்லிப்போட்டியோ?”

“சொல்லிப்போட்டன். உங்கடை பேரையும்.”

மணிச் சத்தத்தில் அவள் அழுகிறாளா, கணக்குப் போடுகிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

“சரி” என்றாள் கடைசியில். “போனைச் சத்தமாய்ப் போடு. நான் அவையளோடை டொச்சிலை, அவையின்ரை மொழியிலை, கதைக்கோணும்.”

“என்ன கதைக்கப் போறீங்கள்?”

“போடு தம்பி.”

அனுஜன் பெருவிரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றான். அவள் உண்மையைச் சொல்லித் தன் வேலையைத் தானே முறித்துக்கொள்ளப் போகிறாளா? அல்லது அந்த அழகான, தெளிவான ஜெர்மன் மொழியில் இந்த மனிதர்களை இன்னும் ஒரு முறை வளைக்கப் போகிறாளா? அவனுக்குத் தெரியவில்லை. இன்று காலைவரை, அக்கா வாய் திறக்கும்போது இப்படி ஒரு கேள்வி அவனுக்கு வந்ததே இல்லை.

அவன் பொத்தானை அழுத்தி, தொலைபேசியை டிமோவின் பக்கத்தில் பெஞ்சில் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றான்.